சின்ன மியூசியத்தில் சேரப் போகிறீர்களா? துடைப்பம் முதல் பதிவேடு வரை

முதல் நாள் போனதும் கையில் துடைப்பத்தைத்தான் கொடுப்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். சென்னையில் ஒரு பேட்டையின் பழைய பொருட்களையும் நினைவுகளையும் சேர்த்து வைக்கிற சின்ன மியூசியம் என்றால் பெரும்பாலும் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம், இல்லையென்றால் சங்கக் கட்டடத்தின் மாடி. இரண்டு டியூப்லைட், ஒரு பீரோ, ஏதோ ஒரு கடையை மூடும்போது கொடுத்துவிட்டுப் போன ஷோகேஸ். சம்பளத்துக்கு ஒருவர் இருந்தால் அதுவே பெரிய விஷயம், மற்ற எல்லோரும் வாலண்டியர்கள். நானும் அப்படிப் போனவள்தான். அதற்கு முன்னால் பத்து வருடம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்தது, அப்புறம் வாலண்டியர்களைக் கவனிக்கிற பொறுப்பு தலையில் விழுந்தது, அதற்கும் அப்புறம் பொருட்களின் பொறுப்பு. காப்பாட்சியர் என்று அதற்கு அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது, அரசு மியூசியங்களில் பதவிப் பெயரே அதுதான். எங்கள் இடத்தில் "ஜாமான் பாக்கற அக்கா".

வரலாறு படித்திருக்க வேண்டுமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். படித்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கேட்டதையும் வாங்கியதையும் அன்றைக்கே தேதி போட்டு எழுதுகிற பழக்கம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏனென்றால் இந்த மாதிரி இடத்தில் ஆட்கள் நிற்க மாட்டார்கள். வாலண்டியருக்கு வேலை கிடைத்து பெங்களூரு போய்விடுவார், பொருளைக் கொடுத்த தாத்தா காலமாகிவிடுவார், பொருள் மட்டும் அலமாரியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். கீழே நான் சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும், சலிப்பாக இருந்தால் இப்போதே மன்னித்துவிடுங்கள்.

சேர்வதற்கு முன்னால் இரண்டு இடம்

எழும்பூர் அரசு மியூசியத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 1851-இல் தொடங்கியது. அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் இதைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை எப்படியும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள், இந்த முறை அவற்றைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். விளக்கப் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, கூட்டம் எங்கே நிற்கிறது, எதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது, பொருளின் அடியில் சின்னதாக ஒரு எண் எழுதியிருப்பது தெரிகிறதா, காவலர் உட்கார்ந்த இடத்திலிருந்து எத்தனை மூலை தெரியும், இதையெல்லாம். உலோகப் பொருட்கள் அரித்துப் போவதைச் சமாளிக்க 1930-இலேயே அங்கே ஒரு ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஆரம்பித்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், வெண்கலமும் பித்தளையும் சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் இந்த ஊர்க் காற்றில் சும்மா இருப்பதில்லை.

இரண்டாவது, முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-இல் திறந்தது, செவ்வாய் விடுமுறை. பல ஊர்களில் இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள். "எங்க பாட்டி வீட்ல இதே மாதிரி ஆட்டுக்கல்லு இருந்துச்சு" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நம் மியூசியத்துக்குப் பிழைப்பே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

முதல் மாதம்: பத்துக்குப் பத்து

சேர்ந்ததும் புதிதாக எதையும் மாற்றப் போகாதீர்கள். இருக்கிற பதிவேட்டை எடுங்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரியைத் தொட்டு, அந்தப் பத்துப் பொருளும் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அப்புறம் அலமாரியிலிருந்து ஏதாவது பத்துப் பொருளை எடுத்து, அவை பதிவேட்டில் எந்த வரியில் இருக்கின்றன என்று தேடுங்கள். கணக்குத் தணிக்கையில் செய்கிற பழைய வித்தைதான், ஒரு மதியப் பொழுது போதும், அந்த இடத்தின் ஜாதகமே கைக்கு வந்துவிடும்.

நான் முதலில் செய்தபோது பதிவேட்டிலிருந்த பத்தில் ஆறு கிடைத்தது. அலமாரியிலிருந்து எடுத்ததில் மூன்றுதான் பதிவேட்டில் இருந்தது. அந்த ஏழு அநாதைகளில் ஒன்று ஒரு பித்தளை டோக்கன். நடுவில் துளை, ஓரத்தில் ஒரு எண், அவ்வளவுதான். மில் டோக்கன் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த மில், யார் கையில் இருந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? ஒரு வயதான அம்மா கொடுத்தார்கள், அவர்கள் வீட்டுக்காரருடையது, ஒரு பெரிய கதை சொன்னார்கள், அப்போது இருந்த வாலண்டியர் பையனுக்குத் தெரியும் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். அந்தப் பையன் ஊரில் இல்லை. தேடிப் பிடித்து போன் செய்தால், "ஆமாக்கா, ஞாபகம் இருக்கு, ஏதோ ஸ்ட்ரைக்குன்னு சொன்னாங்க" என்பதோடு நின்றுவிட்டது.

வட சென்னையில் ஸ்ட்ரைக் என்றால் சாதாரண வார்த்தையா? பெரம்பூர் பக்கம் பின்னி மில்லை, அதாவது பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லை, வைத்துத்தான் 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது, இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921-இல் அங்கே நடந்த வேலை நிறுத்தம் மாதக்கணக்கில் ஓடியது. அப்புறமும் எத்தனையோ, 1996-இல் மில் மூடுகிற வரை. அந்த அம்மா சொன்னது எந்த ஸ்ட்ரைக்கோ. அன்றைக்கு ஐந்து வரி எழுதியிருந்தால் அந்தத் துண்டுப் பித்தளை எங்கள் மியூசியத்திலேயே முக்கியமான பொருளாக இருந்திருக்கும். இப்போது அது பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிற பித்தளை.

வாலண்டியர்களைச் சேர்ப்பது, தக்கவைப்பது, போக விடுவது

வருகிறவர்கள் மூன்று நான்கு வகை. ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வார நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை வேறு ஏதாவது செய்யத் துடிக்கிற ஐடி ஆட்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் வரை நேரம் இருக்கிற அம்மாக்கள். இவர்கள் நான்கு பேரையும் ஒரே வேலைக்கு உட்கார வைத்தால் மூன்று வாரத்தில் எல்லோரும் காணாமல் போவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் ஒரு படிவம் போதும்: பெயர், போன், எந்தக் கிழமை எத்தனை மணி நேரம், என்ன மொழி எழுதப் படிக்கத் தெரியும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், தூசி ஒவ்வாமை உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டு, ஒரு அண்ணனை மூச்சிரைப்போடு ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்காதீர்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் பாதிப் பேர் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மணி நேரத்துக்காக வருவார்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், வருடத்துக்கு 120 என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பே இல்லை, மணி நேரத்துக்காக வந்தவள் நான்கு வருடம் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் அன்றன்றைக்கு நோட்டில் அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாளில் வந்து "அக்கா, மொத்தமா ஒரு எண்பது மணி நேரம் போட்டுக் குடுங்க" என்று நிற்கிற காட்சி வராது. செய்த வேலை என்ற கட்டத்தில் "உதவி" என்று எழுத விடாதீர்கள். "மூன்றாம் தட்டுப் புகைப்படங்கள் 14, பின்பக்கம் தூசி துடைத்தது, எண் 40 முதல் 53" என்று எழுதட்டும். பின்னால் ஏதாவது காணாமல் போனால் அந்த நோட்டுதான் உங்களைக் காப்பாற்றும்.

ஓய்வு பெற்றவர்களோடு வேறு மாதிரி. நாற்பது வருடம் அதிகாரியாக இருந்தவரிடம் இருபது வயதுப் பெண் போய் "சார், பேனா வேண்டாம், பென்சில் எடுத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டும். கேட்க மாட்டார். அதனால் முதல் நாளே எல்லோரையும் வைத்து விதிகளை நானே வாசித்துவிடுவேன், அப்போது யாரும் யாரையும் திருத்தியதாக ஆகாது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் எங்களிடம் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே இருந்தார், பெயர்ப்பலகையின் சந்திப்பிழை உட்பட. அவரிடம் பெயர் தெரியாத புகைப்படங்கள் ஒரு பெட்டியைக் கொடுத்தோம். எஞ்சினைப் பார்த்தே எந்த வருடத்துக்குப் பக்கம் என்று சொல்வார், பின்னால் தெரிகிற சுவரைப் பார்த்து எந்த ஸ்டேஷன் என்பார். ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். இரண்டு பேரும் வாரம் தவறவில்லை.

ஆள் இல்லாத மாதங்களை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், நவம்பர் செமஸ்டர் தேர்வு. மே மாதம் அக்னி நட்சத்திரம், மதியம் யாரும் வெளியே வர மாட்டார்கள். மார்கழியில் மயிலாப்பூர் மாமிகள் சபா கேன்டீனைத் தாண்டி வட சென்னைக்கு வருவார்கள் என்று எதிர்பார்ப்பதே தப்பு. ஆகஸ்ட்டில் மெட்ராஸ் டே (22-ஆம் தேதி) சமயத்தில் எதிர்மாறாக ஆள் குவியும், அப்போது வந்த புதியவர்களுக்கு அந்த வாரமே ஒரு நிரந்தர வேலை கொடுக்காவிட்டால் செப்டம்பரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பஸ் கட்டணமும் டீயும் கட்டாயம் கொடுங்கள். தாம்பரத்திலிருந்து ஒரு பிள்ளை ரயில் மாறி வருகிறது, காசு வேண்டாம் என்று வாயால் சொல்லும், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். டீ மட்டும் பொருட்கள் இருக்கிற அறைக்குள் வரக்கூடாது. பஜ்ஜி வரவே கூடாது.

போகிறவர்களை முகம் சுளிக்காமல் அனுப்புங்கள், ஆனால் போவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, அவர்கள் மண்டையில் மட்டும் இருப்பதை எழுதி வாங்குங்கள். சான்றிதழ் அதற்கு அப்புறம்தான். கறாராகத் தெரியும், பரவாயில்லை.

பொருள் வாசலுக்கு வரும்போது

இனி பொருட்கள் பக்கம். இங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை "வேண்டாம்". வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிற ஊர் இது, வாரம் ஒருவர் ஆட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து "வெச்சுக்கங்க, வீட்ல இடம் இல்ல" என்று இறக்குவார். உங்கள் மியூசியம் எதைச் சேர்க்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தப் பேட்டை, எந்தக் காலம், எந்த மாதிரிப் பொருள். எட்டாவது தையல் மிஷின் வந்தால் அந்தத் தாளைக் காட்டி, கும்பிட்டு, திருப்பி அனுப்பலாம். வாங்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போடுவதுதான் மரியாதைக் குறைவு.

வாங்குவது என்றால் இரண்டு புத்தகம் வேண்டும். கணக்கில் நாளேடு, பேரேடு என்று இரண்டு உண்டல்லவா, அதே மாதிரி. வாசலில் வாங்கியதும் நாளேட்டில் எழுதி ரசீது கொடுங்கள்: யார், என்ன, என்றைக்கு, "பரிசீலனைக்காக மட்டும்". ரசீதின் மறுபாதி நம்மிடம். பொருளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக ஒரு பாலித்தீன் உறையில் கட்டி இரண்டு வாரம் வையுங்கள், உள்ளே கரையானோ ராமபாணப் பூச்சியோ இருந்தால் தூளைக் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். மாதம் ஒரு முறை நான்கைந்து பேர் உட்கார்ந்து ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். ஏற்றால் பேரேட்டில், அதாவது அக்சஷன் ரிஜிஸ்டரில், ஒரு வரி.

கூடவே ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து. "இந்தப் பொருள் எனக்குச் சொந்தமானது, இதை முழுமையாகக் கொடுக்கிறேன், காட்சிக்கு வைப்பது மியூசியத்தின் விருப்பம்." அண்ணன் கொடுப்பார், ஆறு மாதம் கழித்துத் தம்பி வந்து "எங்கப்பாவோட ரேடியோ எங்க?" என்பார், அன்றைக்கு இந்தக் காகிதம்தான் பேசும். கடிதங்களையும் புகைப்படங்களையும் வாங்கும்போது, அவற்றை அச்சிடவும் இணையத்தில் போடவும் தனியாக அனுமதி கேளுங்கள். காகிதம் கைமாறினாலும் எழுதியவரின், எடுத்தவரின் உரிமை தானாகக் கைமாறுவதில்லை. "நிரந்தர இரவல்" என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். இரவல் என்றால் திருப்பித் தருகிற தேதி இருக்க வேண்டும்.

பொருளைக் கொடுத்துவிட்டு வருமான வரிச் சலுகைக்கு ரசீது கேட்பவர்கள் உண்டு. அந்த வரிச்சலுகை பணமாகத் தருகிற நன்கொடைக்குத்தான், அதிலும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. அண்டாவுக்குக் கிடையாது. பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

சட்டம் குறுக்கே வருகிற சில பொருட்கள் உண்டு, இதில் விளையாடக்கூடாது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள், கையெழுத்துச் சுவடி என்றால் எழுபத்தைந்து வருடமே போதும். இவற்றில் பல வகைகளைப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். யாராவது துணியில் சுற்றிச் சாமி சிலை கொண்டுவந்தால், பதிவுச் சான்று இல்லாமல் கையில்கூட வாங்காதீர்கள். சிலைக் கடத்தலுக்கென்றே தமிழ்நாட்டுப் போலீஸில் 1983 முதல் தனிப் பிரிவு இருக்கிறது, அவர்கள் உங்கள் வாசலுக்கு வர வேண்டாம். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசு, நகை என்றால் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தந்தம், புலித்தோல், மான்கொம்பு, எதுவும் வேண்டவே வேண்டாம், வனவிலங்குச் சட்டம்.

ஓலைச்சுவடிக் கட்டு வந்தால் ஆசையாகத்தான் இருக்கும். நம்மிடம் அதைப் படிக்க ஆள் இல்லை, பார்த்துக்கொள்ள வசதியும் இல்லை. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தையோ காட்டுங்கள். பழைய அச்சுப் புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை என்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எண் எழுதுவது

பேரேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கிற எண்தான் அக்சஷன் நம்பர். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவார்களே, அதுதான் நம் வீட்டு அக்சஷன் நம்பர். யார், யாருக்கு, எந்தக் கல்யாணம், என்ன தேதி, எல்லாம் ஒரு சொம்பின் விளிம்பில். மியூசியத்துக்கு வருகிற பாத்திரத்தில் முதலில் அந்த எழுத்தைத் தேடிப் படியுங்கள், சொன்ன கதையைவிடச் சில சமயம் அது நம்பகமானது. ஆனால் நாம் அப்படி வெட்டக்கூடாது. நாம் எழுதும் எண் தேவைப்பட்டால் அழிகிற மாதிரி இருக்க வேண்டும், தானாக அழியக்கூடாது.

2025.4.2 என்று இருந்தால், 2025-ஆம் வருடம், அந்த வருடத்தில் நான்காவதாக வந்த நன்கொடை, அதில் இரண்டாவது பொருள். இவ்வளவு போதும், ரேடியோவுக்கு ஆர், பாத்திரத்துக்குப் பி என்று எழுத்தெல்லாம் சேர்க்காதீர்கள், ரேடியோவோடு சேர்ந்த கடிகாரம் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். உலோகம், பீங்கான் என்றால் பாரலாய்ட் பி-72 என்கிற பிசினை அசிட்டோனில் கரைத்துக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் அதன் மேல் எண், மேலே இன்னொரு பூச்சு. பிளாஸ்டிக்கிலும் பாலிஷ் போட்ட மரத்திலும் இது வேண்டாம், அசிட்டோன் தின்றுவிடும், அட்டையில் எழுதி நூலில் கட்டுங்கள். காகிதத்திலும் புகைப்படத்திலும் பின்பக்க ஓரமாக மென்மையான பென்சில். துணிக்கு நாடாவில் எழுதி இரண்டு தையல். நெயில் பாலிஷ், வைட்னர், செல்லோடேப் மூன்றையும் அந்த அறையிலிருந்தே விரட்டுங்கள்.

பதிவேட்டு வரியில் பொருளின் பெயர், என்னவால் ஆனது, நீளம் அகலம், எங்கே உடைந்திருக்கிறது, யார் கொடுத்தது, எங்கே வைத்திருக்கிறோம். அப்புறம் அவர்கள் சொன்ன கதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. "பழங்காலச் சமையல் கலம்" என்று நாகரிகமாக மாற்றாதீர்கள். அவர்கள் "குண்டான்" என்றால் குண்டான். போனில் பேச்சைப் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், ஆரம்பத்திலேயே தேதியையும் பெயரையும் வாயால் சொல்லுங்கள்.

இந்த ஊர் வெயில், உப்பு, மழை

வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்துப் பயந்துவிடாதீர்கள், அவற்றில் சொல்கிற குளிரும் வறட்சியும் இங்கே எந்தப் பணத்தாலும் வராது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும், சென்னையில் அது பல மாதங்களுக்கு அன்றாடம். ரிச்சி தெருவில் ஒரு ஈரப்பதமானி வாங்கி அலமாரிக்குள் வைத்து, காலை ஒன்று மாலை ஒன்று என்று எழுதுங்கள். காற்றோட்டம் முக்கியம், அலமாரியைச் சுவரோடு ஒட்டாதீர்கள். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது ஏசியே இல்லாததைவிட மோசம், மரமும் காகிதமும் தினம் சுருங்கி விரியும். சிலிக்கா ஜெல் மூடிய டப்பாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், திறந்த அலமாரியில் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது கணக்கு, அதாவது உள்ளே வருகிறவர் "என்னங்க இருட்டா இருக்கு" என்று சொல்கிற அளவு. மங்கிய சாயம் திரும்ப வராது. சுற்றி வைக்கக் காடாத் துணி நல்லது, கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கி, கஞ்சி முழுக்கப் போகிற வரை நான்கைந்து தடவை அலசிக் காய வைத்துப் பயன்படுத்துங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், பூச்சியைவிட உங்களுக்குத்தான் கெடுதல். பூச்சி விழுந்த துணியைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம், வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்து, அப்புறம் பிரியுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசித் தட்டு தரையிலிருந்து ஒரு அடியாவது மேலே, கீழ்த்தளம் என்றால் அதற்கும் மேலே. ஐப்பசி பிறப்பதற்குள் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுங்கள். பதிவேட்டின் நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். நனைந்த காகிதத்தை இரண்டு நாளுக்குள் உலர்த்தியாக வேண்டும், முடியாது என்றால் உறைய வையுங்கள், பொறுமையாக அப்புறம் பார்க்கலாம். எங்களுக்கு ஒரு மழையில் தெருமுனை ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர்தான் கைகொடுத்தது. கடைக்காரர் பெயர் நன்றிப் பலகையில் இருக்கிறது. நனைந்த புகைப்படங்களை அடுக்கோடு காயவிடாதீர்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டி செங்கல் ஆகிவிடும்.

இயற்கைக்கு அடுத்தது நம் சுத்தப் பழக்கம். ஒரு வாலண்டியர் அம்மா பாசத்தில் ஒரு பழைய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார்கள். அதன் கழுத்தில் நூறு வருடக் கைபட்ட கறுப்பு இருந்தது, போயே போச்சு. திட்ட மனசு வரவில்லை, விதியில் ஒரு வரி சேர்த்தோம். ஆயுத பூஜை இன்னும் ஆபத்து. யாராவது ஒருவர் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு தட்டச்சு மிஷின், தராசு, ஏர்க்கலப்பை என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வருவார். தடுத்தால் மனசு நோகும். நாங்கள் எங்கள் ஸ்குரூடிரைவர், டேப், கம்ப்யூட்டர், துடைப்பம் எல்லாவற்றையும் முன் மேஜையில் வைத்து அங்கேயே பூஜையை முடித்துவிடுகிறோம், கற்பூரம் வாசலுக்கு வெளியே. பொருள் அறை பூட்டியிருக்கும்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே மேல், கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு இல்லாமல் கிழிப்பீர்கள். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் நைட்ரைல் என்கிற மெல்லிய செயற்கை ரப்பர் கையுறை. பித்தளையில் வியர்வைக் கை பட்டால் ஒரு மாதத்தில் உங்கள் ரேகை அப்படியே பதிந்து தெரியும்.

சேமிப்பு அறை

காட்சிக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பின் அறையில். ரீ-ஆர்க் என்று ஐக்ரோம் என்கிற சர்வதேச அமைப்பு சின்ன மியூசியங்களுக்காகவே ஒரு முறை வகுத்திருக்கிறது, அதில் இரண்டு அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதை எடுக்க வேறு இரண்டு பொருளுக்கு மேல் நகர்த்தக்கூடாது. கடிகாரம் வைத்துச் சோதித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். முதலில் அந்த அறையிலிருந்து மியூசியத்துக்குச் சம்பந்தமில்லாததை வெளியேற்றுங்கள்: பிளாஸ்டிக் நாற்காலி, போன வருட பேனர், பெயிண்ட் டப்பா, கொலு படிக்கட்டு. எங்களுக்கு அதிலேயே அறையில் கால்வாசி காலியாகிவிட்டது. அப்புறம் தட்டுகளுக்கு எழுத்து, எண். அலமாரி அ, தட்டு 3. பொருளை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு சீட்டு: யார் எடுத்தது, எதற்கு, எப்போது திரும்பும்.

கம்ப்யூட்டர் விஷயம் சுருக்கமாக. முதல் இரண்டு வருடத்துக்கு எக்செல் தாராளமாகப் போதும். இலவச மென்பொருள் வேண்டுமென்றால் கலெக்டிவ்ஆக்சஸ், ஒமேகா என்று இருக்கின்றன, ஐடி நண்பர் ஒருவர் ஆர்வமாக நிறுவித் தருவார். அவர் போன பிறகு பாஸ்வேர்டு யாரிடம் என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டு வையுங்கள். கைப்பட எழுதிய பதிவேட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

பலகையும் பள்ளிப் பிள்ளைகளும்

விளக்கப் பலகை ஐம்பது அறுபது சொல்லுக்குள், தமிழ் முதலில். பொருள் என்ன என்று பார்க்கிறவருக்கே தெரியும், யாருடைய கை பட்டது என்று சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், சிலருக்கு வீட்டுச் சாமானைக் கொடுத்தது உறவினருக்குத் தெரியக்கூடாது.

பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தால் பத்துப் பேருக்கு ஒரு வாலண்டியர், நான்கு குழுவாக வேறு வேறு மூலையிலிருந்து ஆரம்பிக்கட்டும். தொட்டுப் பார்க்கிற பொருள் என்று தனியாக ஒரு பெட்டி, உடைந்தாலும் பரவாயில்லாத பல்லாங்குழி, தாயக்கட்டை, பழைய படி, உழக்கு, பதிவேட்டில் ஏறாதவை. அதுதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேள்வி கேட்காமல் உத்தரவு போடுகிற ஆசிரியரை வாசலிலேயே டீ குடிக்க உட்கார வைப்பது ஒரு கலை, போகப் போக வந்துவிடும்.

இன்னொன்று, நீங்களும் ஒரு நாள் போவீர்கள். அதற்கு முன்னால் சாவிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்: எந்தப் பீரோ, எத்தனை சாவி, யாரிடம் ஒன்று, மற்றது எங்கே. நான் சேர்ந்தபோது ஒரு மர அலமாரி பூட்டியே இருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத் திறந்தபோது உள்ளே இருந்தது ஒரு டிபன் பாக்ஸ். பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டேன், அது கண்காட்சிப் பொருளா, யாராவது மறந்துவிட்டுப் போனதா என்று இன்றைக்கு வரை தெரியாது. நாளேட்டில் ஏற்றி, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.